ஊதாக் கோடு போட்ட எட்டு ஆணிகள்

14 ஒக்ரோபர் 2025, செவ்வாய்.

பிழை: துவக்கில் குறி பார்க்கும் ஸ்கோப்பின் பெட்டியில் 50 என்று போட்டிருந்ததை நம்பி, அதைத் துவக்கோடு பிடிக்கும் உயரம் குறைந்த வளையங்களை எடுத்தேன். 50 என்பது உள்ளேயிருக்கும் கண்ணாடியின் அளவு, மில்லிமீற்றரில். சுற்றியுள்ள உலோகத்தோடு சேர்த்து அளந்தால் 57. வளையத்தில் வைத்துப் பார்த்தபோது ஸ்கோப்பின் முன்வாய் துவக்கின் குழலில் முட்டியது. இடையில் ஒரு கடதாசிகூடப் போகவில்லை. பூட்டுவதற்கு முன்பே கண்டுகொண்டேன், ஆனாலும் ஒரு நாள் வீண். நடுத்தர உயர வளையங்கள் நாளை வரும்.

ஷெறோன் எழுதியதை இன்னொரு தரம் வாசித்து, "ஒரு நாள் வீண்" என்பதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்தாள்.

செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு அவள் வால்தம்ஸ்டோவில் ஒரு கல்லூரிப் பட்டறைக்குப் போய், உலோகத்தை அளந்து பொருத்தும் வேலை படித்துக்கொண்டிருந்தாள். அங்கே குறிப்பேடு எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. திகதிக்கு அடுத்த வரி அன்றைய பிழை. பிழை நடக்காத நாள் என்று ஒன்றை அந்த வகுப்பில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். மற்றவர்கள் அந்த வரிக்கு என்ன எழுதுவதென்று பேனையைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஷெறோனுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. கதவைப் பூட்டிப் பத்தடி நடந்தபின் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் அவள். அவளுடைய பிழைகள் வரி கொள்ளாமல் ஓரத்திலும் ஏறிக்கொள்ளும். முதலில் தமிழில் எழுதிவிட்டு, வகுப்புக்குக் கொடுப்பதைப் பிறகு ஆங்கிலத்தில் எழுதுவாள். தமிழில் எழுதினால் கடையில் கூட வேலை செய்யும் டினேஷால் வாசிக்க ஏலாது என்பதும் ஒரு காரணம். அவன் லண்டனில் பிறந்தவன்.

கடை பாலேந்திராவுடையது. லீ ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. முன்பக்கம் மீன்பிடிக்காரருக்கு: தூண்டில், நைலோன் நரம்பு, ஈயக்குண்டு, ஒரு குளிர்ப்பெட்டி நிறைய நெளிகிற புழு. பின்னால், இரட்டைப் பூட்டுப் போட்ட கதவுக்கு அப்பால், துவக்கு அறை. பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரரிடம் கடையை வாங்கியபோது, துவக்கு விற்காவிட்டால் பாதி வியாபாரம் போய்விடும் என்று தெரிந்து, பொலிஸில் அலைந்து தன் பெயரில் அனுமதி எடுத்த மனுசன் அவர். "யாழ்ப்பாணத்தான் ஒருத்தன் சட்டப்படி துவக்கு விக்கிறானாம் எண்டு என்னைப் பாக்கவே சனம் வருது" என்பார்.

ஷெறோன் ஒரு வருடம் முன்பக்கத்தில் புழு அள்ளினாள். யூலை மாதம் பாலேந்திரா அவளைப் பின்னறை மேசைக்கு எடுத்தார், மூன்று மாதம் பார்ப்பதென்று. ஒக்ரோபர் இருபத்துநாலோடு அந்த மூன்று மாதம் முடிகிறது. வேலை திருப்தியென்றால் மேசை அவளுக்கு. இல்லையென்றால் திரும்பவும் புழு. அவள் தாய் மேரிசாந்திக்கு இரண்டும் பிடிக்கவில்லை. "வெடிச் சத்தத்துக்கு ஓடி வந்தனாங்கள். நீ சம்பளம் வாங்கிக்கொண்டு அதுக்குள்ளையே போய் இருக்கிறாய்" என்று ஞாயிறு பூசைக்குப் போகிற வழியிலெல்லாம் சொல்வாள். ஆனால் புழு மணத்தோடு மகள் வீட்டுக்கு வருவதைவிட இது பரவாயில்லை என்று தனக்குள் நினைத்தாளோ என்னவோ, வேலையை விடச் சொல்லி மட்டும் சொன்னதில்லை.

அந்த ஸ்கோப்பும் துவக்கும் இம்மாகுலேற்றுடையவை. அப்டன் பார்க்கில் இறைச்சிக்கடை வைத்திருக்கிற மன்னார்க்காரி, ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது, ஆட்டுத்தொடையை ஒற்றைக் கையால் தூக்கிப் போடுகிற தோள். கடையில் மான் இறைச்சி கேட்டுச் சனம் வருகிறது, யாரோ சுட்டதை ஏன் வாங்கி விற்கவேண்டும் என்று, பரீட்சை எழுதி அனுமதியும் எடுத்துவிட்டாள். எசெக்ஸில் ஒரு தோட்டத்தில் மான் தொகையைக் குறைக்கும் குழு ஒன்று இருந்தது. இருபத்தைந்தாம் திகதி சனிக்கிழமை அவர்கள் வைக்கிற தேர்வில் நூறு மீற்றரிலிருந்து மூன்று வெடி, மூன்றும் பத்துச் சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழவேண்டும். விழுந்தால் குழுவில் இடம்.

புதன்கிழமை நடுத்தர வளையங்கள் வந்தன. ஷெறோன் வேலையைத் தொடங்கினாள். துவக்கின் முதுகில் இருக்கும் பல்லுப்பட்டையையும் வளையங்களின் உட்புறத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்தாள். எண்ணெய்ப் பசை ஒரு துளி இருந்தாலும் வெடி உதைக்கிற உதையில் ஸ்கோப் வழுக்கும். துவக்கைத் தாங்கியில் கிடத்தி, பட்டையின்மேல் ரசமட்டம் வைத்து நேராக்கினாள். எதிர்ச்சுவரில், கடையிலிருந்தே எடுத்த தூண்டில் நரம்பில் ஒரு ஈயக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஸ்கோப்புக்குள் தெரிகிற சிலுவைக் கோட்டின் நெடுங்கோடு அந்த நரம்போடு ஒட்டி நிற்கும்வரை ஸ்கோப்பைத் திருப்பினாள். பிறகு மேல்மூடிகளை வைத்து ஆணிகளை இறுக்கினாள். முதல் தரம் இடப்பக்கத்தைக் கூடவாக இறுக்கிவிட்டாள், கோடு சாய்ந்தது. எல்லாவற்றையும் தளர்த்தினாள். இரண்டாம் தரம் குறுக்குமறுக்காக, ஒவ்வொன்றாய், கால் சுற்றுக் கால் சுற்றாய். கடைசியில் இறுக்கத்தின் அளவு காட்டும் சாவியால் இரண்டு நியூற்றன் மீற்றர். சாவி "டிக்" என்றது. எட்டுத் தரம் "டிக்". ஆணி பிறகு அசைந்தால் தெரியவேண்டும் என்று எட்டு ஆணியின் தலையிலிருந்தும் வளையத்துக்கு ஒரு மெல்லிய கோடு இழுத்தாள், தன்னுடைய ஊதா நகப்பூச்சால்.

வெள்ளிக்கிழமை இம்மாகுலேற் எடுக்க வந்தாள்.

"கொஞ்சம் உயரமாய்க் கிடக்கே பிள்ளை. ஒட்டி இருந்தாத்தான் வடிவு."

"வடிவாய் இருக்கும் அன்ரி, குழலிலை முட்டும். கண்ணை மூடிக்கொண்டு துவக்குப் பிடியிலை கன்னத்தை வையுங்கோ. வைச்சிட்டீங்களோ? இப்ப திறவுங்கோ."

இம்மாகுலேற் கண்ணைத் திறந்தாள். வட்டம் முழுதாய், ஓரத்தில் கறுப்பு இல்லாமல் தெரிந்தது. "ஓ" என்றாள். அதோடு உயரத்தைப் பற்றிய பேச்சு முடிந்தது.

அடுத்த புதன்கிழமை, இருபத்திரண்டாம் திகதி, ஷெறோன் மதியம் சாப்பிட்டுவிட்டு வரும்போது பாலேந்திரா அவளுடைய மேசையில் அவளுடைய குறிப்பேட்டை விரித்து வைத்திருந்தார்.

"இம்மாகுலேற் போன் எடுத்தவள். நேற்றுச் சுட்டுப் பாத்தாளாம். ஒண்டு மேலை, ஒண்டு கீழை, ஒண்டு கடதாசியிலேயே இல்லை. சனிக்கிழமை மான் குழுவின்ரை ரெஸ்ற். நான் என்ன சொல்ல?"

ஷெறோன் மேசைக்குக் கிட்ட வந்தாள். "நான் சரியாய்த்தான் அங்கிள்..."

"சரியாயோ? பார்." அவர் விரலை ஊன்றினார். "'பிழை: இடப்பக்க ஆணியைக் கூட இறுக்கினேன், கோடு சாய்ந்தது.' உன்ரை கையெழுத்துத்தானே? அதுக்கு முதல் நாள் 'பிழை: உயரம் குறைந்த வளையங்களை எடுத்தேன்.' அதுக்கு முதல்? அதுவும் பிழை. பக்கத்துக்குப் பக்கம் பிழை!"

"கீழையும் எழுதியிருக்கு அங்கிள். தளர்த்தி, திரும்பப் பூட்டி, ஆணிக்கு ஊதாக் கோடும் போட்டனான் எண்டு."

"கீழை கிடக்கிறதை ஆர் வாசிக்கிறது? நாளைக்குத் துவக்கைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன். எசெக்ஸிலை எனக்குத் தெரிஞ்ச, துவக்கு திருத்திற ஒரு வெள்ளை இருக்கிறான், அவனிட்டைக் குடுப்பம். நீ முன்னுக்குப் போ."

முன்பக்கத்திலிருந்து டினேஷ் தலையை நீட்டினான். "வெல்கம் பாக், அக்கா. புழு உங்களை மிஸ் பண்ணினது."

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஷெறோன் அந்தப் பக்கத்தை ஏழு தரம் வாசித்திருப்பாள். முதல் மூன்று தரமும் அவர் சொன்னது சரியென்றே பட்டது. தான்தான் எங்கேயோ விட்டிருக்கவேண்டும். இத்தனை பிழை விடுகிறவள் எட்டு ஆணியில் ஒன்றில் விட்டிருக்கமாட்டாளா? நாலாம் தரம் கீழ்ப்பாதியை, வேறு யாரோ எழுதியதுபோல, மெதுவாக வாசித்தாள். துடைத்தது எழுதியிருந்தது. நரம்போடு ஒட்டிப் பார்த்தது எழுதியிருந்தது. எட்டு "டிக்" எழுதியிருந்தது. ஊதாக் கோடு எழுதியிருந்தது. விட்ட பிழையை இவ்வளவு ஒழுங்காக எழுதுகிற ஒருத்தி, செய்யாததைச் செய்ததாக ஏன் எழுதப்போகிறாள்? பிழை வரியை நம்புகிறவர் மற்ற வரிகளையும் நம்பத்தான் வேண்டும். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் இறங்கவேண்டிய தரிப்பு தாண்டிப் போயிருந்தது.

வியாழன் காலை இம்மாகுலேற் துவக்கு உறையோடு வந்தாள். பாலேந்திரா கையை நீட்டுவதற்கு முன் ஷெறோன் நீட்டிவிட்டாள்.

"அங்கிள், ஒரு மணித்தியாலம். அதுக்குப் பிறகு எசெக்ஸுக்கு அனுப்புங்கோ."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "அரை மணித்தியாலம்."

அவள் துவக்கை எடுத்து, போல்ற்றை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, தாங்கியில் கிடத்தினாள். விளக்கைக் கிட்டே இழுத்தாள். ஆணித் தலைகள் புதுசுபோல் பளபளத்தன. ஊதாக் கோடு இல்லை. ஒன்றிலும் இல்லை.

"கோடு போட்டனான் எண்டு சொன்னாய்?" பாலேந்திராவின் குரல் பின்னால்.

டினேஷ் கதவோரம் நின்றான். "எழுதிப்போட்டுப் போட மறந்திருப்பீங்கள் அக்கா. நடக்கிறதுதான்."

ஒரு நிமிடம் அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் பூதக்கண்ணாடியை எடுத்து முதல் ஆணியைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். ஐந்தாவது ஆணியின் தலையில், சாவி நுழைகிற நட்சத்திரக் குழியின் ஒரு மூலையில், கடுகில் பாதி அளவு ஊதா.

"போட்டிருக்கிறன் அங்கிள். ஆரோ எடுத்திருக்கினம். இஞ்சை பாருங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். மணிக்கூட்டைத் திரும்பப் பார்க்கவில்லை.

"அன்ரி, முதல் தரம் எப்ப சுட்டனீங்கள்?"

"சனிக்கிழமை. அண்டைக்கு நல்லாய்த்தானே இருந்தது! மூண்டும் ஒரு முட்டை அளவுக்குள்ளை. நான் படமெடுத்து மகளுக்கும் அனுப்பினனான்."

"சனிக்கிழமை சரியெண்டு எனக்குச் சொல்லேல்லையே" என்றார் பாலேந்திரா.

"நீங்கள் கேக்கேல்லையே அண்ணை. செவ்வாய்க்கிழமை பிழைச்சதைத்தானே சொல்லப் போன் எடுத்தனான்."

சனிக்கிழமை சரி, செவ்வாய்க்கிழமை பிழை. ஷெறோன் மனதுக்குள் அதற்கொரு கோடு போட்டாள். "இடையிலை றிங்கைக் கழட்டினீங்களோ அன்ரி?"

"ஐயோ இல்லைப் பிள்ளை. நான் ஏன் கழட்டப்போறன்? நீ பூட்டினது. தொடேல்லை." இம்மாகுலேற் நெஞ்சில் கைவைத்தாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஷெறோன் அவள் கையைப் பார்த்தாள். நகத்தடியில்கூட ஒரு ஊத்தை இல்லாத, வெந்நீரில் ஊறிச் சிவந்த கை. ஒவ்வொரு நாளும் கடை பூட்டமுன் இறைச்சி மெசினையே கழுவி அடுக்குகிற கை.

"சனிக்கிழமை மழையெல்லோ. துவக்கு நனைஞ்சிருக்குமே?"

"தொப்பலாய்."

"வீட்டை போய் என்ன செய்தனீங்கள்? எனக்கு ஒருக்கால் செய்து காட்டுங்கோ, அப்பிடியே."

"துடைச்சனான், வேறென்ன." இம்மாகுலேற் கோட்டின் கையை மடித்துவிட்டு மேசைக்கு வந்தாள். உறையின் பக்கப்பையில் கையை விட்டாள். வளையப் பெட்டியோடு வந்த சின்னச் சாவியை எடுத்தாள். ஷெறோனே அந்தப் பையில் போட்டுக் கொடுத்த சாவி. பிறகு, கீரை ஆய்கிற மாதிரி, எதைப் பற்றியும் யோசிக்காமல், முன்வளையத்தின் முதல் ஆணியில் அதைச் செருகித் திருகினாள்.

ஆணிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் வரிசையாய் நின்றன. மேல்மூடி கழன்றது.

"இதுக்குள்ளைதான் ஈரம் நிக்கும்" என்றாள் இம்மாகுலேற். "என்ரை கொத்திறைச்சி மெசினும் இப்பிடித்தான், மூடிக்குக் கீழை விட்டா அடுத்த நாள் கறள். சுத்தம் பாக்கக் கவுன்சில்காரன் வந்தா முதல் அங்கைதான் விரலை விடுவான். துடைச்சு, மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, திரும்பப் பூட்டி, கையால நல்லா ஒரு இறுக்கு. ஏதோ ஊதாவாய் ஊத்தையும் பிடிச்சுக் கிடந்தது, அதையும் சுரண்டி எடுத்தனான்."

டினேஷ்தான் முதலில் சிரித்தான். பாலேந்திரா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தானும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏன், என்ன?" என்றாள் இம்மாகுலேற்.

ஷெறோன் ஒரு வெள்ளைக் கடதாசியை வளையத்தின் உட்புறத்தில் ஒற்றி எடுத்துக் காட்டினாள். கடதாசி கண்ணாடிபோல் எண்ணெயில் தெளிந்திருந்தது. ஸ்கோப்பின் உடலில் வளையம் முன்பு இருந்த இடத்தின் தடம், இப்போதைய இடத்திலிருந்து இரண்டு மில்லிமீற்றர் தள்ளிக் கிடந்தது. "ஒவ்வொரு வெடிக்கும் இது வழுக்கியிருக்கு அன்ரி. நீங்கள் குறி பாத்த இடம் ஒண்டு, குழல் பாத்த இடம் வேற."

"கழட்டேல்லை எண்டு சொன்னீங்களே!" என்றார் பாலேந்திரா.

"கழட்டேல்லையே அண்ணை. கழுவினனான்."

பாலேந்திரா மேசை விளிம்பில் சாய்ந்து நின்றார். "சரி பிள்ளை. துடைச்சுப்போட்டு, பழையபடி பூட்டிக் குடு. இனித் தொடவேண்டாம் எண்டு சொல்லிவிடுவம்."

இம்மாகுலேற் தலையாட்டினாள், ஆனால் அந்தத் தலையாட்டலில் ஷெறோனுக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பது வருடம் ஒவ்வொரு நாளும் கழுவி எண்ணெய் விட்ட கை, மழையில் நனைந்த இரும்பைக் கண்டால் சும்மா இருக்காது. நாளை சொல்வதைக் கேட்கும், அடுத்த மாதம் கழுவும்.

"இந்த றிங் வேண்டாம் அங்கிள்" என்றாள்.

"என்ன?"

"இதே உயரத்திலை, நெம்பிற பிடி வைச்சது இருக்கு. விரலால நெம்பினா ஸ்கோப்பும் றிங்கும் ஒண்டாய்க் கழண்டு வரும். றிங்குக்குள்ளை திறக்கத் தேவையில்லை. கீழை பட்டையை அன்ரி கழுவலாம், துடைக்கலாம், என்ன வேணுமெண்டாலும் செய்யலாம். திரும்ப அதே பல்லிலை வைச்சுப் பிடியை மடிச்சா பழைய இடம்."

"பழைய இடம் எண்டு பெட்டியிலை எழுதியிருக்கும். கழட்டிப் பூட்டினா வெடி விழுற இடம் மாறும். எனக்குத் தெரியும்."

"நல்லதெண்டா மாறாது. நாளைக்கு வெடி வைச்சுப் பாப்பம். அன்ரி கழட்டட்டும், தன்ரை முறையிலை கழுவட்டும், திரும்பப் பூட்டட்டும். மாறினா நானே புழுவுக்குப் போறன்."

பாலேந்திரா குறிப்பேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எழுதி வை, நாளைக்குப் பாப்பம்" என்றார்.

அன்று அவள் வகுப்புக்குப் போகவில்லை. ஸ்கோப்பின் உடலை மூன்று தரம் ஸ்பிரிட்டால் துடைத்தாள். பிடி வைத்த வளையங்களைப் பட்டையில் வைத்து, துவக்கின் பின்பக்கம் இல்லாமல் குழலின் வாய்ப்பக்கம் அழுத்தித் தள்ளி, பிறகு பிடியை மடித்தாள். துவக்கு பின்னுக்கு உதைக்கும்போது ஸ்கோப் முன்னுக்கு ஓட இடம் இருக்கக்கூடாது. முன்வாய்க்கும் குழலுக்கும் இடையில் மெல்லிய தகடுகளைச் செருகி இடைவெளியை அளந்தாள். மூன்று மில்லிமீற்றர். நரம்பு, சிலுவைக் கோடு, குறுக்குமறுக்கு, எட்டு "டிக்". ஊதாக் கோடு. இந்த முறை இம்மாகுலேற்றைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்தாள்.

"இது ஊத்தை இல்லை அன்ரி."

"விளங்கீற்று, விளங்கீற்று. அடுத்த முறை சிவப்பிலை போடு, எனக்கு ஊதா பிடிக்காது."

சின்னச் சாவியை ஷெறோன் தன் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினாள்.

வெள்ளி காலை எசெக்ஸ் வெடித்திடலில் காற்றில்லை. இம்மாகுலேற் படுத்து, நூறு மீற்றரில் ஒவ்வொன்றாய்ச் சுட்டாள். ஷெறோன் பக்கத்தில் குந்தியிருந்து, விழுந்த இடம் பார்த்து ஸ்கோப்பின் திருகைச் சொடுக்குச் சொடுக்காய்த் திருப்பினாள். ஆறாவது வெடியில் நடுவுக்கு வந்தது. பிறகு மூன்று. மூன்று ஓட்டையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன.

"இப்பக் கழட்டுங்கோ" என்றார் பாலேந்திரா.

இம்மாகுலேற் போல்ற்றைத் திறந்து வெறுமை காட்டினாள். பிடிகளை நெம்பினாள். ஸ்கோப் முழுதாய்க் கையில் வந்தது. ஒரு போத்தல் தண்ணீரைத் துணியில் ஊற்றி, பட்டையை ஒவ்வொரு பல்லாய்த் தேய்த்தாள். உலர்ந்த துணியால் துடைத்தாள். எண்ணெய்ச் சீசாவை எடுக்கப் போனவள், ஷெறோனைப் பார்த்தாள்.

"விடுங்கோ அன்ரி, நீங்கள் விடுற மாதிரியே. ஆனா பூட்டமுதல் துணியால ஒருக்கால் ஒற்றி எடுங்கோ."

திரும்பப் பூட்டினாள். குழலின் வாய்ப்பக்கம் தள்ளினாள். பிடியை மடித்தாள். படுத்தாள்.

ஷெறோன் வழக்கமாக முடிவு தெரிகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவள். இன்று தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதல் வெடி பழைய மூன்று ஓட்டைகளுக்குப் பக்கத்தில் விழுந்தது. இரண்டாவது, பழைய ஓட்டை ஒன்றைப் பெரிதாக்கியது. மூன்றாவது சற்று இடப்பக்கம். ஆறையும் சேர்த்து ஒரு ஜாம் போத்தல் மூடியால் மறைக்கலாம்.

பாலேந்திரா நடந்து போய்க் கடதாசியைக் கழற்றிக்கொண்டு வந்தார். வருகிற வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கிட்ட வந்ததும் அதை மடித்து இம்மாகுலேற்றிடம் கொடுத்துவிட்டு, தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு வேலைச் சீட்டை எடுத்து ஷெறோனிடம் நீட்டினார்.

"ஹவுன்ஸ்லோவிலை இருந்து ஒரு துவக்கு வந்து கிடக்கு. பட்டை ஆடுதாம். எசெக்ஸுக்கு அனுப்பத்தான் எழுதினனான்." எசெக்ஸ் என்று எழுதியிருந்ததைப் பேனையால் வெட்டியிருந்தார். மேலே ஷெறோன் என்று, தமிழில்.

"அப்ப புழு?" என்றாள்.

"டினேஷுக்கு அது பழகவேணும்தானே."

24 ஒக்ரோபர் 2025, வெள்ளி.

பிழை: வளையப் பெட்டியோடு வந்த சாவியை, ஒன்றும் சொல்லாமல் இம்மாகுலேற் அன்ரியின் உறைக்குள் போட்டுக் கொடுத்தது நான். எந்த ஆணியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கொடுக்கும்போதே சொல்லியிருக்கவேண்டும். இரண்டாவது பிழை: வியாழன் வகுப்பைத் தவறவிட்டேன்.

செய்தது: நெம்புபிடி வளையம், நடுத்தர உயரம். இடைவெளி 3 மில்லிமீற்றர். கழற்றிப் பூட்டியபின் வெடி மாறவில்லை. அன்ரிக்கு நாளை பத்து மணிக்குத் தேர்வு.

நாளை: ஒன்பது மணிக்கு ஹவுன்ஸ்லோ துவக்கு. பட்டையின் நாலு ஆணியையும் கழற்றி, ஆணி ஓட்டைகளில் உள்ள பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஆணிகளின் நீளத்தை அளக்கவேண்டும்.